நூறு கிளிகள் குடியேறிய முதியோர் இல்லம்: நியூ பெர்லின் கிராமம் சொல்லும் பாடம்!

நியூயார்க் என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்களும் சுதந்திர தேவி சிலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நகரத்தை விட்டு வடமேற்கே காரில் நான்கு மணி நேரம் போனால், அதே பெயர் கொண்ட மாநிலத்துக்குள்ளேயே வேறோர் உலகம் விரிகிறது. மெல்ல ஏறி இறங்கும் குன்றுகள், மக்காச்சோள வயல்கள், சிவப்புச் சாயம் பூசிய மாட்டுக் கொட்டகைகள், அவற்றின் பக்கத்தில் தீவனம் சேமிக்கும் உயரமான உருளைக் கோபுரங்கள். எல்லாம் பால் மாடுகளை நம்பி வளர்ந்த பூமி.

இந்தப் பூமியில், ஷெனாங்கோ கவுன்டியின் கிழக்கு எல்லையில், யுனடில்லா ஆற்றங்கரையில் இருக்கிறது நியூ பெர்லின். சுமார் ஆயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். மாநில நெடுஞ்சாலை 8 ஊருக்குள் நுழைந்து வெளியேறுகிறது. இலையுதிர் காலத்தில் குன்றுகள் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மாறும். குளிர்காலத்தில் பனி கொட்டும். அமெரிக்க பேஸ்பால் விளையாட்டின் அருங்காட்சியகம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனுக்குப் போகிறவர்கள், இந்த வழியாக வந்தால்கூட நிற்காமல் கடந்து போய்விடக் கூடிய ஊர்தான்.

இந்தப் பகுதியை உலகம் அறிய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தயிர். பக்கத்து ஊரான சவுத் எட்மெஸ்டனில் மூடப்பட்ட பழைய ஆலை ஒன்றை, துருக்கியில் பிறந்த ஹம்தி உலுகாயா 2005-ல் வாங்கினார். அமெரிக்கா முழுவதும் விற்கும் சோபானி தயிர் அங்கேதான் பிறந்தது. இன்னொரு காரணம், அதற்கும் 14 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. முதியோர் பராமரிப்பு பற்றிப் பேசும் மருத்துவர்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் அந்தச் சம்பவத்தின் நாயகர்கள் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிகள்.

விவசாயம் செய்ய வந்த டாக்டர்

பில் தாமஸ், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெரிய மருத்துவமனையில் பெரிய பதவிக்குப் போகும் வாய்ப்பு இருந்தும், தான் பிறந்து வளர்ந்த கிராமப்புறத்துக்கே திரும்பினார். நிலம் வாங்கி, காற்றாலையும் சூரிய சக்தியும் வைத்து, ஆடு மாடுகளோடு வாழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பண்ணையைக் கவனித்தார். வேலை நேரம் கொஞ்சம் ஒழுங்காக இருந்தால் பண்ணைக்கு நல்லது என்று தேடியபோது கிடைத்ததுதான் நியூ பெர்லினில் இருந்த சேஸ் மெமோரியல் பராமரிப்பு இல்லத்தின் மருத்துவப் பொறுப்பு. அது 1991-ம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 31.

அந்த இல்லத்தில் 80 முதியவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடல் இயக்கத்தில் பெரிய குறை. ஐந்தில் நான்கு பேருக்கு அல்சைமர் அல்லது வேறு வகை மறதி நோய். இல்லம் சுத்தமாகவே இருந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. மருந்து நேரத்துக்கு வந்தது. ஆனாலும் உள்ளே நுழைந்த டாக்டருக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. யார் முகத்திலும் உயிர்ப்பே இல்லை.

டாக்டர் என்ற முறையில் முதலில் அவர் செய்தது, எல்லோருக்கும் மறுபடி உடல் பரிசோதனை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து மாற்றம் எல்லாம் பார்த்தார். பில் தொகைதான் ஏறியதே தவிர, முகங்கள் மாறவில்லை. அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. இவர்களை வாட்டுவது மாத்திரைக்கு அடங்குகிற நோய் அல்ல. சலிப்பு, தனிமை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற இயலாமை. இந்த மூன்றையும் பராமரிப்பு இல்லங்களின் மூன்று கொள்ளை நோய்கள் என்று அவர் அழைத்தார்.

அவருடைய சொந்தப் பண்ணையில் காலை விடிந்ததும் ஏதாவது ஓர் உயிர் அவருக்காகக் காத்திருக்கும். கோழிக்குத் தீனி போட வேண்டும், ஆட்டைத் திறந்துவிட வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லத்து முதியவர்களுக்காகக் காத்திருக்கும் உயிர் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அந்த உயிர்களை இங்கேயே கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார்.

ஒரு நாய்க்குத்தான் அனுமதி!

புதுமையான திட்டங்களுக்கு நியூயார்க் மாநில அரசு கொடுத்த சிறிய நிதி உதவிக்கு விண்ணப்பித்தார்கள். அன்றைய விதிப்படி, ஒரு பராமரிப்பு இல்லம் ஒரு நாய் அல்லது ஒரு பூனை வைத்துக்கொள்ளலாம். தாமஸ் கேட்டது அதுவல்ல. இல்லத்துக்கு இரண்டு தளங்கள். தளத்துக்கு ஒரு நாய், இரண்டு பூனைகள். இன்னும் நூறு பறவைகள்.

நூறா என்று நிர்வாகி அதிர்ந்துபோனார். இரண்டு நாய்கள் குரைத்தும் நான்கு பூனைகள் ஓடியும் ஒரு வீடு உயிரோடு இருக்கிற மாதிரி தோன்றாது, பறவைச் சத்தம் கேட்க வேண்டும் என்பது டாக்டரின் வாதம். அறைக்கு அறை கூண்டு. அதோடு முடியவில்லை. பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு ஒவ்வோர் அறையிலும் உயிருள்ள செடி. புல்வெளியைக் கொத்திக் காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும். கொல்லையில் முயல்களும் முட்டையிடும் கோழிகளும். ஊழியர்களின் குழந்தைகளுக்கு வளாகத்திலேயே காப்பகம், பள்ளி விட்டதும் அவர்கள் வந்து இருக்க இடம். இத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யாமல் ஒரேயடியாகச் செய்ய வேண்டும் என்றார். மெல்ல மெல்ல மாற்றினால், பழைய பழக்கம் புதியதை விழுங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அரசு அனுமதி கொடுத்தது. நிதியும் வந்தது.

கூண்டுக்கு முன்பே வந்த கிளிகள்

டார்கெட் என்ற பெயருடைய கிரேஹவுண்ட் நாய் ஒன்று, ஜிஞ்சர் என்ற சின்ன மடி நாய் ஒன்று, நான்கு பூனைகள், கூடவே கிளிகள். அமெரிக்காவில் பாரகீட் என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது, நம்மூர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற அதே சின்னப் பறவைதான். நூறு பறவைகளும் ஒரே நாளில் வந்து இறங்கின. ஆனால் கூண்டுகள் வந்து சேரவில்லை!

பறவைகளைக் கொண்டுவந்த ஆள், கீழ்த்தளத்தில் இருந்த முடி திருத்தும் அறையில் நூறையும் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கே கொஞ்ச நேரம் கழித்துக் கூண்டுகள் வந்தன. அவையும் தனித்தனிப் பாகங்களாக, பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. டாக்டர், நர்ஸ், அலுவலக ஊழியர் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்து கம்பி மாட்டினார்கள். இறகு பறக்க, பறவைகளைத் துரத்திப் பிடித்துக் கூண்டில் அடைத்து, அறை அறையாகக் கொண்டுபோனார்கள்.

கண்ணாடிக்கு வெளியே கூடி நின்ற முதியவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். அந்த இல்லத்தில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் அதற்கு முன்பு கேட்டதில்லை.

நாற்காலிக்குக் கீழே ஒரு பிரச்னை

கேட்பதற்கு இனிமையான இந்தக் கதையில் சண்டையும் உண்டு. ஒருநாள் நாய் தரையில் அசுத்தம் செய்துவிட்டது. பணியில் இருந்த நர்ஸ், டாக்டரின் வீட்டுக்கே போன் போட்டு, வந்து சுத்தம் செய்கிறீர்களா என்று கேட்டார். நாய்க் கழிவை அள்ளுவதற்காகத் தான் நர்ஸிங் படிக்கவில்லை என்பது அவருடைய நிலை. டாக்டர் மறுத்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அசுத்தம் அப்படியே கிடந்தது. யாரும் மிதித்துவிடாதபடி அதன் மேல் ஒரு நாற்காலி மட்டும் வைக்கப்பட்டிருந்தது.

விலங்குகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் போட வேண்டும் என்று சில ஊழியர்கள் சொன்னார்கள். ஏற்கெனவே இருக்கிற வேலையே முதுகை முறிக்கிறது, இதில் கிளிக்குத் தண்ணீர் வேறா என்ற கோபம் அவர்களுக்கு. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் நிர்வாகம், இது ஒருவருடைய வேலை அல்ல, எல்லோருடைய வேலையும்தான் என்று சொல்லிவிட்டது. முதியோர் இல்லத்தை மருத்துவமனையாகப் பார்த்தால் நாய்க் கழிவு ஒரு விதிமீறல். வீடாகப் பார்த்தால் அது தினசரி வேலை. இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில்தான் பல மாதங்கள் இழுபறி நடந்தது.

இழுபறியைத் தீர்த்து வைத்தவர்கள் முதியவர்கள்தான். இவரால் பேச முடியாது என்று எழுதி வைக்கப்பட்டிருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நடக்கவே மாட்டார் என்று நினைத்திருந்தவர்கள் நர்ஸ்களின் மேஜைக்கு வந்து, நாயை நான் வெளியே அழைத்துப் போகிறேன் என்றார்கள். நூறு கிளிகளுக்கும் பெயர் கிடைத்தது, உரிமையாளரும் கிடைத்தார்கள். இன்றைக்கு என் கிளி என்ன சாப்பிட்டது, எவ்வளவு பாடியது என்று ஊழியர்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். இதைக் கண்ணால் பார்த்த ஊழியர்களுக்கு, கூண்டு கழுவுவது மெல்ல மெல்லப் பாரமாகத் தெரியவில்லை.

சாக இருந்தவர் வீட்டுக்குப் போனார்

தாமஸ் பதிவு செய்திருக்கும் ஒரு முதியவரின் கதை இது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்த மனைவி இறந்த பிறகு அவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. பிள்ளைகள் வந்து எல்லா வேலைகளையும் செய்ய வேண்டியிருந்தது. ஒருநாள் அவருடைய கார் சாலையோரப் பள்ளத்தில் பாய்ந்தது. தற்கொலை முயற்சியாக இருக்கலாம் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. மருத்துவமனையிலிருந்து நேராகச் சேஸ் இல்லத்துக்கு அழைத்து வந்தார்கள். அப்போது மனைவி இறந்து மூன்று மாதங்கள்.

மன அழுத்தத்துக்கான மருந்து பலன் தரவில்லை. நடப்பதை நிறுத்தினார். படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில்தான் கிளிகள் வந்தன. ஒரு ஜோடி வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். எப்படியும் போகப் போகிறவனுக்கு எது இருந்தால் என்ன என்பது போலச் சரி என்றார்.

முதல் மாற்றம் மிகச் சிறியது. கூண்டு தெரிகிற மாதிரி படுக்கையில் திரும்பிப் படுத்தார். அப்புறம், கூண்டைச் சுத்தம் செய்ய வந்தவர்களிடம், இந்தத் தீனி அதற்குப் பிடிக்கவில்லை, அதைப் போடு என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு சாப்பிட்டார். உடை மாற்றினார். அறையை விட்டு வெளியே வந்தார். தினமும் மதியம் நாய்களை நடக்க அழைத்துப் போகும் வேலைக்குத் தானே ஆள் என்று முன்வந்தார். மூன்று மாதங்களில் இல்லத்தை விட்டு வெளியேறி, தன் சொந்த வீட்டுக்கே திரும்பிப் போனார்.

கணக்கு என்ன சொல்கிறது?

சேஸ் இல்லத்தையும் அதன் அருகில் இருந்த வேறோர் இல்லத்தையும் இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேஸ் இல்லத்தில் ஒருவருக்குத் தேவைப்பட்ட மருந்துச் சீட்டுகளின் எண்ணிக்கை, ஒப்பிட்ட இல்லத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்தது. பதற்றத்தை அடக்கக் கொடுக்கும் மனநல மருந்துகளின் பயன்பாடு குறிப்பாகக் குறைந்தது. மருந்துச் செலவு, மற்ற இல்லத்தின் செலவில் 38 சதவிகிதமாக இறங்கியது. மரணங்கள் 15 சதவிகிதம் குறைந்தன.

இதிலிருந்து பிறந்த 'ஈடன் ஆல்டர்நேட்டிவ்' என்ற அமைப்பு, பல நாடுகளின் இல்லங்களுக்கு இந்த முறையைக் கொண்டுபோனது. இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டாக்டர் அதுல் கவாண்டே, 2014-ல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்' புத்தகத்தில் இந்தக் கதையை விரிவாகச் சொன்ன பிறகு, நியூ பெர்லினின் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. சேஸ் இல்லத்தில் விலங்குகள் மட்டும் வரவில்லை. செடி வந்தது, குழந்தைகள் வந்தார்கள், ஊழியர்களின் மனப்பான்மையே மாறியது. எது எவ்வளவு வேலை செய்தது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஈடன் முறையை ஓராண்டு பின்பற்றிய இல்லம் ஒன்றை ஆராய்ந்து 2002-ல் வெளியான ஆய்வில், உடல்நலத்தில் பெரிய முன்னேற்றம் தென்படவில்லை. 2004-ல் வெளியான இன்னோர் ஆய்வில், சலிப்பும் இயலாமை உணர்வும் குறைந்தது தெரிந்தது. ஆக, நாய் வந்தால் நோய் போகும் என்று சொல்வது மிகை. மனசுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும் என்பதுதான் சரியான கணக்கு.

பழைய வழிதான்

விலங்குகளை நோயாளிகளின் பக்கத்தில் வைப்பது நியூ பெர்லினில் தொடங்கியது அல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796-ல் திறந்த 'ரிட்ரீட்' மனநலக் காப்பகத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் திரிந்தன. நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்த காலம் அது. நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சிறிய செல்லப்பிராணி நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதி வைத்திருக்கிறார். அவரே அதீனா என்ற ஆந்தைக் குஞ்சை வளர்த்தவர். 1960-களில் நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், பேச மறுத்த ஒரு சிறுவன் தன் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, அதை ஒரு சிகிச்சை முறையாகவே எழுதினார்.

நியூ பெர்லினிலிருந்து கிழக்கே போனால், ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரம். அங்கே ஸ்டீர் ஹவுஸ் பராமரிப்பு இல்லத்தின் மூன்றாவது மாடி, முற்றிய மறதி நோயாளிகளுக்கானது. 2005-ல் குட்டியாக அங்கே வந்த ஆஸ்கர் என்ற பூனை, யாரிடமும் அதிகம் கொஞ்சாது. ஆனால் ஒருவரின் கடைசி நேரம் நெருங்கும்போது அவர் படுக்கையில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். டாக்டர் டேவிட் டோசா 2007-ல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதியபோது, அப்படி 25-க்கும் மேற்பட்டோர் பக்கத்தில் அது இருந்திருந்தது. ஆஸ்கர் ஏறிப் படுத்தால் ஊழியர்கள் உடனே குடும்பத்துக்குப் போன் செய்துவிடுவார்கள். உடலிலிருந்து வரும் ஏதோ ஒரு வாசனை பூனைக்குத் தெரிகிறது என்பது ஓர் ஊகம். நிரூபணம் இல்லை. ஆனால் சொந்தங்கள் கடைசி நேரத்தில் வந்து சேர முடிந்தது உண்மை. வர முடியாதவர்களின் பெற்றோர், தனியாகப் போகவில்லை. ஆஸ்கர் 2022-ல் இறந்தது.

சிகிச்சை வேறு, கொஞ்சல் வேறு

'விலங்குத் துணை சிகிச்சை' என்ற பெயரில் மூன்று வேறு விஷயங்கள் பேசப்படுகின்றன.

முதலாவது, முறையான சிகிச்சை. பயிற்சி பெற்ற நாயும் அதன் பயிற்சியாளரும் வருவார்கள். பிசியோதெரபிஸ்ட் அல்லது உளவியலாளர் ஒரு குறிக்கோள் வைத்திருப்பார். உதாரணமாக, பக்கவாதத்தில் தளர்ந்த கையால் நாயின் முதுகைச் சீப்பால் வார வேண்டும். எத்தனை முறை வாரினார் என்று குறித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை நாயோடு வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவது. தடவலாம், பேசலாம், பழைய கதை சொல்லலாம். குறிக்கோள், கணக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது, சேஸ் இல்லத்தில் நடந்தது. விலங்கு அங்கேயே வசிக்கும். முதியவர்தான் அதைப் பார்த்துக்கொள்வார். முதல் இரண்டிலும் முதியவருக்கு அன்பு கிடைக்கிறது. மூன்றாவதில் பொறுப்பு கிடைக்கிறது.

எல்லோருக்கும் நாய் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயாளிகள் சாப்பிடும் கூடத்தில் மீன் தொட்டி வைத்துப் பார்த்தார்கள். 62 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மீன்களைப் பார்த்தபடி உட்கார்ந்தவர்கள் முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் கொஞ்சம் கூடியது. உயிருள்ள பிராணியே வைக்க முடியாத இடங்களுக்காக, ஜப்பானில் தகனோரி ஷிபாடா என்ற ஆய்வாளர் கடல்நாய்க் குட்டி வடிவில் 'பாரோ' என்ற ரோபோவை உருவாக்கினார். தடவினால் கண் சிமிட்டும், முனகும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களா?

செல்லப்பிராணி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் கவனிக்க வேண்டியவை இவை.

* முதலில் அவரிடம் கேளுங்கள். வாழ்க்கை முழுக்க நாயைக் கண்டு பயந்தவருக்கு, 75 வயதில் நாய்க்குட்டி பரிசளிப்பது தண்டனை. பிறந்தநாள் சர்ப்ரைஸ் வேண்டாம்.

* குட்டியைவிட வளர்ந்தது நல்லது. குட்டி கடிக்கும், தாவும், இரவில் கத்தும். அமைதியான, வளர்ந்த நாயோ பூனையோ முதியவருக்கு ஏற்றது.

* தடுக்கி விழும் ஆபத்து உண்டு. நாய், பூனையால் விழுந்து காயமடைவோர் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 86,000-க்கும் அதிகம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2009-ல் கணக்கிட்டது. கழுத்துப் பட்டையில் சின்ன மணி கட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை நடைபாதையில் வைக்காதீர்கள். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். இழுக்கிற நாயின் கயிற்றை முதியவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

* தடுப்பூசி கட்டாயம். நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

* சர்க்கரை நோயாளிகள் காலைப் பாருங்கள். கால் மரத்துப்போனவர்களுக்குப் பூனை கீறியதே தெரியாது. இரவு படுக்கும் முன் பாதங்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியலாம். பிராணியின் நகத்தை வெட்டியே வைத்திருங்கள்.

* டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா, கீமோதெரபி, உறுப்பு மாற்று சிகிச்சை போன்றவை இருந்தால், கேட்காமல் பிராணி வாங்க வேண்டாம். பறவைக் கூண்டைச் சுத்தம் செய்யும்போது, எச்சத்தை ஈரப்படுத்திவிட்டு, மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசியால் நுரையீரலில் தொற்று வரலாம். பிராணியைத் தொட்ட பிறகு கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

* பச்சைக்கிளி வேண்டாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவைதான் வேண்டும் என்றால் லவ் பேர்ட்ஸ் போதும்.

* மறதி நோய் இருந்தால் துணை தேவை. தீனி போட்டோமா என்பது மறந்துபோகும். ஒரு நாளைக்கு மூன்று முறை போடுவார், அல்லது போடவே மாட்டார். பக்கத்தில் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும். பிராணிக்கும் ஓய்வு வேண்டும். அது ஒதுங்கிப் போனால் இழுத்து வந்து மடியில் வைக்க வேண்டாம்.

* அடுத்த ஆள் யார்? முதியவர் மருத்துவமனையில் சேர்ந்தால் பிராணியை யார் பார்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

* பிராணி முடியாதா? செடி போதும். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் செடி கொடுத்து, நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். அவர்களுடைய தினசரி முடிவுகளையும் அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரின் செடிக்கு நர்ஸே தண்ணீர் ஊற்றினார். சில வாரங்களில், தாங்களே பார்த்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் தெரிந்தார்கள்.

சின்னக் குதிரை

கவாண்டேயின் புத்தகத்தில் நியூ பெர்லினுக்கு வெகு தூரத்தில் இருக்கும் இன்னோர் ஊரும் வருகிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கும் உட்டி. அவருடைய தாத்தாவின் கிராமம். அந்தத் தாத்தா விவசாயி. தினமும் இரவு படுக்கும் முன், குதிரையில் ஏறித் தன் வயல்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவர் வழக்கம். நூறு வயதைத் தாண்டிய பிறகும் அதை விடவில்லை. கால் தள்ளாடியது, காது சரியாகக் கேட்கவில்லை. விழுந்துவிடுவாரோ என்று மகன்களுக்குப் பயம்.

ஆனாலும் அவர்கள் குதிரையை விற்கவில்லை. நாளையிலிருந்து வீட்டிலேயே உட்காருங்கள் என்று சொல்லவும் இல்லை. உயரம் குறைந்த ஒரு சின்னக் குதிரையை வாங்கிக் கொடுத்தார்கள். கூடவே போய்வர ஓர் ஆளையும் ஏற்பாடு செய்தார்கள். ஏறக்குறைய 110 வயதில் இறந்த அந்தப் பெரியவர், இறந்த ஆண்டு வரைக்கும் தன் வயலைச் சுற்றி வந்தார்.

நியூ பெர்லினில் ஒரு டாக்டர் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, நிதி வாங்கி, ஊழியர்களோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்ததை, உட்டியில் ஒரு குடும்பம் பேசி முடிவெடுத்துச் செய்துவிட்டது. வயதானவரின் கையிலிருந்து ஒரு வேலையைப் பிடுங்கும் முன், அதே வேலையை அவர் பத்திரமாகச் செய்ய என்ன வழி என்று இந்த வாரக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். மாடியில் இருக்கும் துளசித் தொட்டியைக் கீழே கொண்டுவந்து வைப்பதில்கூட அதைத் தொடங்கலாம்.